வீட்டுக்காரரைத் தூக்கப் பழகியது

இதை எழுத வேண்டும் என்று நினைத்தே மூன்று வருடம் ஓடிவிட்டது. கோயில் கூட்டத்தில் கையெழுத்துப் போடச் சொன்னாலே பேனாவைப் பக்கத்தில் இருப்பவரிடம் தள்ளிவிடுகிறவள் நான். எட்டாம் வகுப்போடு கொழுந்து எடுக்கப் போனவள். அது ஒரு காரணம். இன்னொன்று, இதில் என் வீட்டுக்காரர் மலசலம் கழிக்கிற சங்கதியெல்லாம் வருகிறது. அதை ஊருக்குச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கடைசியில் அவரிடமே கேட்டேன். "எழுது. பேரு மட்டும் போட்றாத," என்றார். அதனால் யார் பேரும் இதில் இல்லை. நோர்வூட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம், அவ்வளவுதான்.

அவர் கங்காணியாக இருந்தவர். ஒரு அதட்டல் போட்டால் எதிர் மலையில் கொழுந்து எடுக்கிறவளும் நிமிர்ந்து பார்ப்பாள். பாரிசவாதம் வந்து இடது கையும் இடது காலும் விழுந்தன. வாய் விழவில்லை. கட்டிலில் இருந்து, அடியில் வாளி வைத்த கொமட் கதிரைக்கு அவரை மாற்ற, லயத்தில் எங்களுக்கு அடுத்த அறையான பக்கத்துக் காம்பராத் தம்பிகள் இரண்டு பேர் வந்து தூக்குவார்கள். இரண்டு பேருக்கும் தொழிற்சாலையில் வேலை. காலையில் போனால் பின்னேரம்தான் வருவார்கள்.

கொஞ்ச நாளில் ஒன்றைக் கவனித்தேன். காலையில் கொடுத்த தேத்தண்ணி ஆறிப்போய் அப்படியே இருக்கும். தண்ணீர்ச் செம்பும் குறையாது.

"ஏங்க குடிக்கல?"

"குடிச்சா போகணும். போகணும்னா தூக்கணும். யாரு தூக்குறது, நீயா?"

சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்த மாதமே காய்ச்சல் வந்தது. தண்ணீர் குடிக்காமல் சிறுநீரில் கிருமி என்று டொக்டர் சிங்களத்தில் என்னைத்தான் ஏசினார். கிளினிக்கில் ஒரு நர்ஸ் பிள்ளை, எப்படிப் பிடித்து எழுப்புவது என்று செய்தும் காட்டியது. அது தூக்கியபோது அலுங்காமல் எழுந்தார். நான் தூக்கியபோது என் முதுகுதான் பிடித்துக்கொண்டது.

இதைக் கொழும்பில் வேலை செய்கிற மகளிடம் சொன்னேன். தீபாவளிக்கு வரும்போது எட்டுக் கிலோவில் ஒரு கெட்டில்பெல் கொண்டுவந்தாள். மேலே கைப்பிடி வைத்த இரும்புக் குண்டு. அதைப் பிடித்து ஆட்டினால் இடுப்புக்குப் பலம் வருமாம். அதை ஒரு பெண் செய்து காட்டுகிற வீடியோவையும் போனில் போட்டுக் கொடுத்தாள்.

"ம்மா, அந்தப் புள்ள செய்றதப் பாத்துக்கிட்டே செய்யுங்க. அவ என்ன செய்றாளோ அப்படியே."

மகள் பஸ் ஏறினதும் பிடித்தது சனியன்.

எங்கள் வீட்டில் சிக்னல் கிடைப்பது ஜன்னல் கட்டையில் மட்டும். ஜன்னலுக்கு நேர் எதிரே சாமி படங்கள், நடுவில் எங்கள் அம்மாள். போனைப் பார்த்து நின்று, அந்தப் பிள்ளை சொல்கிறபடி இடுப்பைப் பின்னால் தள்ளிக் குனிந்தால் என் பின்பக்கம் அம்மாளுக்கு நேராக இருக்கும். சாமியைப் பார்த்துத் திரும்பி நின்றால் குண்டு கை நழுவி அம்மாள் மேலேயே போகுமோ என்று பயம். வேறு இடமும் இல்லை, பாதிக் காம்பராவைக் கட்டில் அடைத்துக்கொண்டது. அதனால் தினமும் விளக்கு வைத்துக் கும்பிட்டு, மன்னிப்புக் கேட்டு, துவைத்த வேட்டியால் படங்களை மூடி, குண்டை ஆட்டி, பிறகு கை கால் கழுவி வேட்டியை எடுத்து, மறுபடியும் கும்பிட வேண்டும். பத்து நிமிடப் பயிற்சிக்கு முக்கால் மணி நேரம்.

வீடியோவில் வருகிற பிள்ளைக்கு வேர்க்காது, மூச்சு வாங்காது, சிரித்துக்கொண்டே இருக்கும். நன்றாகச் செய்கிறீர்கள் என்று நூறு தடவை சொல்லும். நான் எப்படிச் செய்கிறேன் என்று அதற்கு எங்கே தெரியும்? சரியாக ஏழாவது தடவை ஆட்டும்போது சவர்க்கார விளம்பரம் வரும். மழை இருட்டினால் சிக்னல் போய்விடும். ஒரு நாள் அது குண்டை நெஞ்சுக்கு நேரே தூக்கிய நேரம் படம் நின்றது. வட்டம் சுற்றுகிறது, சுற்றுகிறது. நானும் தூக்கியபடியே நின்றேன்.

கட்டிலில் இருந்து இவர், "என்னா புள்ள, செலையா நிக்கிற? கீழ வையேன்."

"அவ வைக்கலையே."

"அவளுக்கு டேட்டா முடிஞ்சிருச்சு. ஒனக்குமா முடிஞ்சிருச்சு?"

சிரித்துச் சிரித்து அவருக்கு இருமல் வந்துவிட்டது. எனக்கு வந்த ஆத்திரத்தில் குண்டைக் கை நழுவ விட்டேன். பக்கத்துக் காம்பராத் தங்கச்சி சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் கொடுத்தாள்.

"அக்கா, எங்க வீட்டுச் சட்டியெல்லாம் ஆடுது. அண்ணன அடிக்கிறீங்களா?"

"என்னைய அடிச்சா சத்தம் எங்கிட்ட இருந்துல்ல வரும்," என்றார் இவர்.

அன்றிலிருந்து பழையபடி கங்காணி வேலையை ஆரம்பித்துவிட்டார். எண்ணுவது அவர். நான் பன்னிரண்டு ஆட்டினால் அவர் கணக்கில் ஒன்பது. "அந்த மூணும் சரியில்ல, தள்ளிட்டேன்," என்பார். கொழுந்து நிறுக்கும் இடத்தில் இலை ஈரம் என்று எடையைக் கழிக்கிற புத்தி கட்டிலில் கிடந்தும் போகவில்லை. இத்தனைக்கும் யாருக்காக இந்தப் பாடு?

இரண்டு மாதம் கழித்து, இன்றைக்குத் தூக்கியே தீருவது என்று நின்றேன். அவரைக் கட்டில் ஓரத்தில் உட்காரவைத்து, விழுந்த காலுக்கு என் முழங்காலை அணைகொடுத்து, இடுப்பைப் பிடித்து, தாயே என்று எழுப்பினேன். முதுகு வலிக்கவில்லை. ஆனால் பாதியிலேயே இரண்டு பேரும் சறுக்கித் தரையில் உட்கார்ந்துவிட்டோம். அடி ஒன்றும் இல்லை. லயத்தில் எல்லோரும் வேலைக்குப் போயிருந்தார்கள். பின்னேரம் தம்பிகள் வந்து தூக்கும்வரை தலையணையை முட்டுக்கொடுத்து அவர் தரையில், பக்கத்தில் நான். அந்த ஐந்து மணி நேரத்தில் அவர் வேட்டி நனைந்தது. நான் மாற்றிவிட்டேன்.

அந்தக் குண்டைக் கட்டிலுக்கு அடியில் உதைத்துத் தள்ளினேன். எட்டுக் கிலோ எங்கே, அறுபது கிலோ எங்கே என்று மகளைப் போனில் திட்டினேன். அம்மாளிடமும் கோபித்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் அவரே கூப்பிட்டார். "அந்தப் புள்ளையப் போடு."

"எதுக்கு?"

"போடுங்கறேன்ல."

போட்டேன். பார்த்துக்கொண்டே சொன்னார்: "அவ பாதத்தப் பாரு. தரையில ஒட்டி இருக்கு. நீயும் அப்படித்தான் நிக்கிற. ஒங்கிட்ட பிழையில்ல. நான்தான் நல்ல கால மேல தூக்கிட்டேன்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தம்பிகள் இரண்டு பேரும் அவரை மூட்டை மாதிரி அந்தரத்தில் தூக்கித் தூக்கி, யார் கை பட்டாலும் காலை மடக்கிக்கொள்கிற பழக்கம் வந்துவிட்டது அவருக்கு. தரையில் ஊன்றப் பயம். எனக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது.

"ரெண்டு மாசமா நான் குண்டு ஆட்டுறேன், நீங்க கால ஊனுனா ஆகாதா?"

"விழுந்துருவேன்னு பயந்தேன் புள்ள."

அவர் பயந்தேன் என்று சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

மறுபடி எண்ணச் சொன்னேன். ஒன்று, இரண்டு, மூன்று என்றார். "ஊனுங்க," என்று நான் கத்திய கத்தில் பக்கத்து வீட்டு நாய் குலைத்தது. வலது காலை ஊன்றினார். என் இடுப்பு எழுந்தது, அவரும் எழுந்தார். காலைத் திருப்பி, மெதுவாகக் கொமட் கதிரையில் உட்காரவைத்தேன். திரும்பக் கட்டிலுக்கு வந்ததும் தண்ணீர் கேட்டார். செம்பில் இருந்ததைக் குடித்துவிட்டு இன்னும் கேட்டார்.

நடந்தது இவ்வளவுதான். ஆனால் கோயில் திருவிழாவில் நான் அவரைக் கதிரையில் இருந்து எழுப்பிப் பிடித்து ஒரு நிமிடம் அம்மாள் முன்னால் நிறுத்தியதைப் பார்த்தவர்கள், அவர் நடந்தார் என்று சொல்லிவிட்டார்கள். அந்தக் கதை அடுத்த தோட்டத்துக்குப் போவதற்குள் அவர் கோயிலை மூன்று சுற்றுச் சுற்றிவிட்டார். கந்தப்பளையில் இருந்து ஒரு அம்மா, பாரிசவாதம் வந்த தன் புருஷனை வேனில் படுக்கவைத்து எங்கள் வாசலுக்கே கூட்டி வந்தார். நான் குண்டை எடுத்துக் காட்டினேன். இவர் நடக்கமாட்டார் அம்மா என்றேன். அந்த அம்மா வேனைத் திரும்பிப் பார்த்தார். அவர் வீட்டுக்காரர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மா அவரிடம் போய் என்ன சொல்லியிருப்பார் என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.

எனக்குப் பலம் கொடுத்தவள் அம்மாள், அதில் சந்தேகமே இல்லை. அவள் செய்யாததை அவள் பேரில் சொல்வது பாவம். ஆகையால் இதைப் படிக்கிறவர்கள், வீட்டில் இப்படி ஒருவர் கிடக்கிற குடும்பத்துக்கு இதை வாசித்துக் காட்டுங்கள், நாலு பேருக்கு அனுப்புங்கள். எதையும் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். தரையில் விழுந்ததை விட்டுவிடாதீர்கள். வேட்டி நனைந்ததையும் விடாதீர்கள், அதற்கு அவரே சம்மதம் சொல்லிவிட்டார். நான் பிடித்திருக்கும்வரை அவர் நிற்பார், தண்ணீர் குடிக்கிறார். நடந்தார் என்று மட்டும் யாரும் சேர்க்காதீர்கள்.