வியன்னாவில் தாட்சாயணி கைநீட்டிய நாள்

ஆந்திர எல்லையிலுள்ள நகரியில் விசைத்தறிக் கொட்டகையில் பாதி ஆயுசு நின்றவள் தாட்சாயணி. புருஷன் போன பிறகும் அந்தச் சத்தத்துக்குள்ளேயே நின்று மகள் பிரியங்காவைப் படிக்க வைத்தாள். காது பாதி மந்தமானதுதான் மிச்சம். மாப்பிள்ளை யஸ்வந்த் திருப்பதிக்காரன், வியன்னாவில் கம்ப்யூட்டர் வேலை. தெருவே வாயைப் பிளந்தது.

எங்கள் பக்கத்தில் மாமியார் மாப்பிள்ளை எதிரில் நிற்க மாட்டாள், முகம் பார்த்துப் பேசவும் மாட்டாள். அதற்கு மரியாதை என்று பெயர் வைத்திருக்கிறோம். பிரசவம் பார்க்க வியன்னாவுக்குப் போன தாட்சாயணி இந்த மரியாதையையும் மூட்டை கட்டி எடுத்துக்கொண்டு போனாள். அங்கே இருப்பதோ இரண்டே அறை. மாப்பிள்ளை வேலை முடிந்து வந்தால், குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். பிள்ளை பெற்ற உடம்பு, தலைக்கு ஊற்றிக் குளிப்பாட்டி விடுகிறேன் என்றால் மகள் விடுவதில்லை. ஒருநாள் அவள் மணிக்கட்டு நீலம் பாரித்திருந்ததைப் பார்த்துக் கேட்டாள். அலமாரிக் கதவு இடித்துவிட்டது என்றாள் பிரியங்கா. இவளும் நம்பிவிட்டாள்.

இரண்டு மாதம் கழித்து, ஊருக்குக் கிளம்ப வேண்டியதற்கு முதல் நாள், மாமியாருக்கு ஒன்றும் காட்டவில்லை என்று நாளைக்கு யாரும் பேசிவிடக்கூடாதே என்று யஸ்வந்த் எல்லோரையும் வெளியே கூட்டிப்போனான். டிராம், அரண்மனை, பெரிய சர்ச். தாட்சாயணி நாலடி பின்னால் தலையைக் குனிந்தே நடந்தாள். வியன்னாவில் அவள் நன்றாகப் பார்த்தது தரையில் பதித்த கல்லைத்தான்.

சர்ச் வாசலில் குதிரை வண்டிகள் நின்றன. அதில் ஒன்றின் பக்கத்தில் நின்றுகொண்டு தன்னைப் படம் எடுக்கச் சொன்னான் அவன். தள்ளுவண்டியில் குழந்தை வீறிட்டது. பிரியங்கா திரும்பினாள், போன் கை நழுவிக் கல்லில் விழுந்து உடைந்தது. அவன் அவளைக் கன்னத்தில் அறைந்தான். அவள் குனிந்ததும் முதுகில் குத்தினான்.

போய் ஒளிந்துகொள்ள அங்கே உள்ளறை இல்லை. தாட்சாயணி நிமிர்ந்து பார்த்தாள். மகள் அழவில்லை. தோளைக் குறுக்கிக்கொண்டு அடுத்த அடிக்குக் காத்து நின்றாள். இது இவளுக்குப் பழகிப்போன விஷயம் என்று தாய்க்கு அப்போதுதான் புரிந்தது.

முதலில் காலில் இருப்பதைக் கழற்றத்தான் குனிந்தாள். குளிருக்கு மகள் வாங்கித் தந்த லேஸ் வைத்த ஷூ, அவசரத்துக்குக் கழலுமா? கையாலேயே அறைந்தாள். அவன் உதடு கிழிந்தது. தலைமுடியைப் பிடித்து வண்டிச் சக்கரத்தில் மோதினாள். மூக்கிலிருந்து ரத்தம் சட்டையெல்லாம் கொட்டியது. குதிரை மிரண்டு காலைத் தூக்கியது. அவன் அவள் கழுத்தை நெரித்தான், அவள் அவன் கையைப் பல் பதியக் கடித்தாள். வண்டிக்காரனும் இன்னும் இரண்டு பேரும் சேர்ந்துதான் பிரிக்க முடிந்தது.

போலீஸ்காரி ஒருத்தி வந்தாள். மாமியாருக்குப் புத்தி சரியில்லை என்று யஸ்வந்த் முந்திக்கொண்டு இங்கிலீஷில் சொன்னான். அவள் பிரியங்காவைப் பார்த்தாள். பிரியங்கா ஸ்வெட்டர் கையைச் சுருட்டி மேலே ஏற்றினாள். முழங்கைக்கு மேல் வரிசையாகச் சிகரெட் சுட்ட புண்கள். அவனைப் போலீஸ் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

அப்புறம்தான் மகள் அம்மாவிடம் வாய் திறந்தாள்.

"அவரு வந்தாலே நீ கொழந்தைய எடுத்துக்கினு உள்ள போயி கதவ சாத்திக்குவ. உனுக்கு எல்லாம் தெரியும், தெரிஞ்சுதான் சாத்திக்கிறன்னு நெனச்சிக்கினு இருந்தேம்மா."

தாட்சாயணி அதே கையால் தன் முகத்தில் மாறி மாறி அறைந்துகொண்டாள். மகள்தான் பிடித்து நிறுத்த வேண்டியதாயிற்று.

மகளையும் பேரக்குழந்தையையும் நகரிக்குக் கூட்டி வந்துவிட்டாள். கொஞ்ச நாளில், போலீஸ் விட்டு ஊருக்கு வந்திருந்த யஸ்வந்தைக் கூட்டிக்கொண்டு அவன் வீட்டார் திருப்பதியிலிருந்து பஞ்சாயத்து பேச வந்தார்கள். மாப்பிள்ளையை அடித்தது தப்பு என்று அவள் ஒத்துக்கொண்டால் பெண்ணை அழைத்துப்போகத் தயார் என்றார்கள். என்ன பெருந்தன்மை பாருங்கள். தாட்சாயணி கூடத்துக்கு வந்து அவன் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"தப்புதான்டா. வந்த அன்னிக்கே ஒதச்சிருக்கணும். ரெண்டு மாசம் எம் பொண்ண உங்கிட்ட வுட்டுட்டு உள்ள ஒக்காந்துகினு இருந்தேன்."

பெண்ணை அனுப்பச் சொல்லி அதற்குமேல் யாரும் கேட்கவில்லை.