சந்தனம் பூசிய சர்வர்

ஓசூர் தொழிற்சாலையில் எங்கள் லினக்ஸ் சர்வருக்கு இணைய இணைப்பு கிடையாது. ஒரு மென்பொருளைப் போட்டால், அது ஓட பேக்கேஜ் என்கிற இன்னொரு துணை மென்பொருள் வேண்டும் என்று நிற்கும். பஸ் ஸ்டாண்டு பிரவுசிங் சென்டருக்குப் போய் அதை இறக்கி, சிடியில் எழுதி எடுத்து வருவேன். போட்டதும் வேறொன்றைக் கேட்கும். என் பிள்ளைகள்கூட இப்படி நச்சரித்ததில்லை.

ஆயுத பூஜையன்று வேர்த்து வழிய சிடியோடு வந்தேன். சர்வருக்குச் சந்தனம், குங்குமம், மாலை எல்லாம் ஆகியிருந்தது. சூப்பர்வைசர் தடுத்தார்.

"பூஜை போட்டாச்சு சார். இனி நாளைக்குத்தான் தொடணும்."

"இது இன்னும் ஓடவே இல்லீங்களே!"

"இருந்தாலும் ரெஸ்ட்டு குடுக்கணுமில்ல?"

மறுநாள் தொட்டேன். இன்னொரு பேக்கேஜைக் கேட்டது. பிரவுசிங் சென்டருக்குப் போனால், பூட்டிய ஷட்டரிலும் மாலை.

எனக்குத்தான் யாரும் பொட்டு வைக்கவில்லை.