போலாரம் கல்குவாரி

பஞ்சர் கடையில் ரப்பர் வாசனை வந்தாலே, அப்பா எங்களை ஸ்கூட்டரில் கூட்டிப்போன போலாரம் கல்குவாரியின் பச்சைத் தண்ணீருக்குப் போய்விடுகிறேன். அதை மூடி, இப்போது ஐடிக்காரர்களுக்கு அடுக்குமாடி கட்டிவிட்டார்கள்.

நீச்சல் வராத எனக்கு மட்டும் அப்பா லாரி ட்யூபை மாட்டிவிடுவார். என்னைவிட இரண்டு வயது சின்னவளான தங்கை லதா கரைக்குக் கரை நீந்துவாள், எனக்கு வயிறு எரியும். ஒருநாள், அப்பா கரையில் துண்டைப் பிழிந்துகொண்டிருந்தபோது, ட்யூபைக் கழற்றிவிட்டு ஆழத்துக்குப் போய் மூழ்கினேன். தன்னை எட்டிப் பிடிக்கப் பார்த்த என்னிடமிருந்து விலகி, லதா ட்யூபை என் பக்கம் தள்ளினாள்.

“நக்கோ அக்கா, வேணாம், என்னைப் பிடிக்காதே! ட்யூபைப் பிடி!”

நாங்கள் கரையேறியதும் அப்பா, “சமத்துடி! கிட்ட போயிருந்தா ரெண்டு பேரும் போயிருப்பீங்க” என்று அவளை அணைத்துக்கொண்டார்.

இருமலுக்கு நடுவே நான் பார்த்துக்கொண்டிருந்தது, அவள் தலைமேல் இருந்த அவர் கையைத்தான்.