வெறுங்கால் வேண்டுதல்

அந்த வருஷம் நெல்லிவாசல் நாடு என்ற மலையூரில் அமுதவல்லியைத் தவிர எல்லோருக்கும் பிள்ளை பிறந்தது. அவள் வீட்டுக்குப் பின்னால் புதிதாய்க் கட்டிய கக்கூசுக்குள் வெள்ளாடுகூட ரெட்டைக் குட்டி போட்டது. ஆடு அங்கே குடியேறிவிட்டதால், மனிதர்கள் வழக்கம்போல் சாமைக் கொல்லை ஓரமாகவே ஒதுங்கினார்கள்.

அமுதவல்லிக்கு இரண்டு முறை கரு தங்கிக் கலைந்திருந்தது. மாமியார் சாந்தம்மாள் சும்மா இருப்பாரா? மலைக்காளியிடம் போய்ப் பேசி முடித்துவிட்டு வந்தார்: மடியில் பிள்ளை வரும்வரை மருமகள் காலில் செருப்பு ஏறாது. வேண்டுதல் மாமியாருடையது, கால் மருமகளுடையது. வேண்டுதல்களில் வேலைப் பிரிவினை பெரும்பாலும் இப்படித்தான்.

அமுதவல்லி முணுமுணுக்கவில்லை. பிள்ளைக்காகத் தலையால் நடக்கச் சொன்னாலும் நடப்பாள். மழையில் ஊறிய கொல்லையில் வெறுங்காலோடு களை எடுத்தாள். விரலிடுக்கில் அரித்தது. "வேண்டுதல் காளியம்மா காதுல வுழுந்துச்சி, அதான் அரிக்குது" என்றார் சாந்தம்மாள்.

அப்புறம் அவளுக்குச் சுவர் மண்மேல் ஆசை வந்தது. சுரண்டிச் சுரண்டித் தின்றாள். மாதவிலக்கும் தள்ளிப்போனது. பக்கத்து வீட்டுப் பெரியம்மாள் விடுவாளா? "ஏம்மே, மண்ணு துன்றியே, மசக்கதான! புளி வேணுமா?" ஊரே முடிவு செய்துவிட்டது. அமுதவல்லி யாருக்கும் தெரியாமல், பழைய நூல் சேலை ஒன்றைத் துவைத்து, தூளி கட்ட மடித்து வைத்தாள். தனியாக இருக்கும்போது அதை எடுத்து மோந்து பார்ப்பாள். சோப்பு வாசனைதான் வந்தது.

நர்ஸ் அருணா வந்து, பரிசோதித்து, கண் இமையை இழுத்துப் பார்த்தார்.

"கொழந்த இல்ல, அமுதா."

"பின்ன ஏங்க்கா மண்ணு துன்னணும்னு தோணுது?"

"ரத்தம் கொறஞ்சா அப்படியும் தோணும்."

குட்டி டப்பா ஒன்றைக் கொடுத்து, மலம் பிடித்துவரச் சொன்னார். அடுத்த முறை வந்தபோது விஷயத்தைச் சொன்னார். கொக்கிப்புழு. "ஈர மண்ணுல கெடக்கும். வெறுங்கால்ல தொளச்சி உள்ள போயி, கொடலக் கடிச்சிக்கினு ரத்தம் குடிக்கும். ரத்தம் இல்லாத ஒடம்புல மாசம் தள்ளும், புள்ள நிக்கறதும் கஷ்டம்."

"உள்ளயே முட்ட போடுதாக்கா?"

"ஆயிரக்கணக்குல."

அமுதவல்லி வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். "அப்ப என் வயித்துல அதுங்களுக்குதான் புள்ள பொறக்குது."

நர்சுக்குச் சிரிப்பதா, திட்டுவதா என்று தெரியவில்லை. பூச்சி மாத்திரையும் இரும்புச் சத்து மாத்திரையும் கொடுத்தார். "வூட்ல எல்லாரும் பூச்சி மாத்திர போடுங்க. ஆட்ட வெளிய ஓட்டிட்டு கக்கூஸுக்குப் போங்க, கொல்லையில போனா முட்ட மண்ணுல வுழுந்து பொரியும். நீ மொதல்ல செருப்பு போடு, இல்லன்னா மறுபடி ஏறும்."

அங்கேதான் சிக்கல். செருப்பு போட்டால் காளி கோபிப்பாள், போடாவிட்டால் புழு ஏறும். இரண்டிலும் போகப்போவது பிள்ளைதான்.

"வேண்டுதல மீறுனா அம்மா சும்மா வுடமாட்டா" என்றார் சாந்தம்மாள்.

"வேண்டுனது நீங்கதான அத்த? மிச்சத்த நீங்க நடங்க."

சாந்தம்மாள் தம் காலிலிருந்த ரப்பர் செருப்பைப் பார்த்தார். பேரப்பிள்ளை அவருக்கும்தானே வேண்டும். "சரி, நீ போட்டுக்க. காளியம்மாவுக்கும் ஒரு ஜோடி வாங்கி வெச்சிடு. பொம்பளதான, புரிஞ்சிக்குவா."

கணவன் வெற்றிவேல் ஆட்டைக் கட்டாயமாகக் கக்கூசைக் காலி செய்ய வைத்துவிட்டு, ஜீப்பில் அவளை ஒடுகத்தூர் செருப்புக் கடைக்குக் கூட்டிப்போனான். தனக்கொரு ஜோடி எடுத்தாள் அமுதவல்லி.

"இன்னொண்ணு இன்னா சைஸு?" என்றார் கடைக்காரர்.

"காளிக்கு. பெரிய காலா குடுங்க."

அவர் பரணில் தேடும்போது, கொக்கியில் தொங்கிய சின்னச் செருப்பு கண்ணில் பட்டது. நடந்தால் கீச்சுக்கீச்சென்று கத்துமே, அது. அமுதவல்லி குதிகாலை விரலால் அமுக்கினாள். கீச்.

"எந்த வயசுக் கொழந்தைக்கும்மா?"

"இன்னும் வயசாவல" என்று சொல்லிவிட்டு, இன்னொரு தரம் அமுக்கினாள். வெளியே ஜீப் நிற்கிறது என்று சொல்ல வந்த வெற்றிவேல், ஜோடியின் மற்றச் செருப்பைத் தானும் அமுக்கிப் பார்த்தான்.