இறகுத் தூண்டிலில் மாட்டிய எஞ்சின்

எங்கள் அப்பா பிறந்தது சல்லி என்ற மீனவ ஊரில், கடலுக்கும் உப்பங்கழியான களப்புக்கும் நடுவில் இருந்த ஓர் ஓலை வீட்டில். போன வருடம் அவர் கண்மூடியதும் அதே காணியில்தான். மூத்த பிள்ளை என்பதால் சின்ன வயதிலேயே தகப்பனோடு கடலுக்குப் போனார், பள்ளிக்கூடம் போகவில்லை. கையெழுத்துக் கேட்ட இடங்களிலெல்லாம் பெருவிரலை வைத்தார். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் படித்து ஆசிரியையானவள் நான். அதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. அப்பாவும் எதிர்ப்படுகிறவர்களிடமெல்லாம் அதைச் சொல்லித்தான் திரிந்தார்.

ஆனால் அவர் பெயரோடு ஒரு சொல் ஒட்டிக்கொண்டிருந்தது. காட்டிக் கொடுத்தவர் என்ற சொல். இந்த ஆண்டு நினைவு மலரைக் கையில் வாங்குகிற உங்களில் பலரும் அதைக் கேட்டிருப்பீர்கள். சிலர் சொல்லியும் இருப்பீர்கள். அது பொய் என்று எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

கலியாணத்துக்கு முன்பு அப்பா நகரத்து ஓர்ஸ் ஹில்லில் ஒரு பங்களாவில் தோட்ட வேலை செய்தார். அங்கே குடியிருந்த வெள்ளைக்காரர் சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகளில் வேலை பார்த்தவர். பின்னேரங்களில் துறைமுகக் கரையில் நின்று தூண்டில் எறிவாராம். இரை இல்லை, ஈயம் இல்லை. கொக்கியில் இறகை நூலால் சுற்றிச் சின்ன மீன் போலச் செய்து, கயிற்றைப் பின்னால் வீசி, அது நீண்டு விரிந்ததும் முன்னால் விடுவது. நாட்டை விட்டுப் போகும்போது தடியை அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். அப்பா வெள்ளைச் சேவலின் இறகைச் சிவப்பு நூலால் கட்டினார். எங்கள் கரையில் வேறு யாரும் அப்படிக் கட்டியதில்லை.

அதில் பாரை, சீலா, கொடுவா எல்லாம் பட்டன. ஆனால் ஊர் பேசியது மற்றவற்றைப் பற்றித்தான். பின்வீச்சில் ஒருமுறை கொடியில் காய்ந்த அம்மாவின் சேலை வந்தது. ஒருமுறை ஆட்டின் காது. ஒருமுறை காவலுக்கு நின்ற சிப்பாயின் தொப்பி கடலுக்குள்ளேயே போய் விழுந்தது. அப்பா அதை இழுத்தெடுத்துப் பிழிந்து கொடுக்க, அவன் சிரித்ததால் தப்பினார். பால்மாத் தகரத்தை விடாமல் கட்டிப்பிடித்தபடி ஒரு கணவாயும் வந்திருக்கிறது. அப்பாவோடு ஒரே வள்ளத்தில் போன மூன்று மாமாமாரும் சும்மா விடுவார்களா? "மீன் முன்னுக்கு நிக்குது மச்சான், நீ ஏன் பின்னுக்குப் பிடிக்கிறாய்?" என்பார்கள். "ஆட்டுக்குத் திருக்கைக் குழம்புத் தூள் போடலாமோ எண்டு அக்காட்டக் கேள்." அப்பா இறகை ஊதிக் காயவைப்பார்.

யுத்தம் கடலை மூடியது. படையினர் தரும் பாஸ் இருந்தால்தான் வள்ளம் இறக்கலாம். பல மாதங்கள் அதுவும் இல்லை. அனுமதித்த அளவுக்கு மேல் வலுவுள்ள எஞ்சின் வைத்திருப்பது பெரிய குற்றம். வள்ளம் கரையில் கவிழ்ந்து கிடந்த அந்த நாட்களில் எங்களுக்குச் சோறு போட்டது களப்பு வாயில் அப்பா எறிந்த இறகுத் தூண்டில்தான்.

எங்கள் கரையில் ஒரு முறை இருக்கிறது. நமது தூண்டில் இன்னொருவருடைய வலையிலோ கயிற்றிலோ மாட்டினால் இழுக்கக் கூடாது, கழற்றவும் கூடாது. நம்முடைய நூலை அறுத்து, கொக்கியை அங்கேயே விட வேண்டும். இன்னார் வந்தார், எதையும் தொடவில்லை என்பதற்கு அதுதான் அடையாளம். பொருளுக்குரியவர் கொக்கியைக் கொண்டுவந்து கையில் கொடுப்பார்.

எனக்குப் பதினொரு வயது. நகரத்துப் பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்த வருடம். ஒரு காலையில் களப்பு வாயில் அப்பாவின் தடி வளைந்தது, மீன் இல்லை. இடுப்பளவு தண்ணீரில் இறங்கிப் பார்த்தார். ரப்பர் விரிப்பில் சுற்றிக் கயிற்றால் கட்டி இறக்கிய பெரிய எஞ்சின். கயிற்றின் முடிச்சைத் தடவிப் பார்த்ததும் யாருடையது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. ஒரே வள்ளத்தில் வேலை செய்பவருக்குக் கூட்டாளியின் முடிச்சு தெரியாதா? முறைப்படி நூலை அறுத்தார். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் மட்டும் சொன்னார். கொக்கி திரும்பி வரும் என்று இரண்டு நாள் பார்த்திருந்தார்.

மூன்றாம் நாள் களப்பில் படையினரின் தேடுதல் நடந்தது. எஞ்சினோடு வெள்ளை இறகும் சிவப்பு நூலும் மேலே வந்தன. கொக்கியை எல்லோருக்கும் காட்டி விசாரித்தார்கள். அன்று பின்னேரம் அப்பாவைக் கொண்டுபோனார்கள்.

பதினொரு மாதம். அந்தப் பதினொரு மாதமும் மூன்று மாமாமாரும் முறை வைத்து என்னைச் சைக்கிளில் ஏற்றி நகரத்துக்குக் கொண்டுபோனார்கள். காவலரண்களில் இறங்கி நடந்து, பையைத் திறந்து காட்டி, மறுபடி ஏறி, ஒரு நாளும் நான் பிந்தவில்லை. பரீட்சையில் வகுப்பில் முதலாவதாக வந்தேன்.

சாட்சியம் போதாது என்று அப்பாவை விட்டார்கள். வந்தவரின் இடது கை தோளுக்கு மேல் எழவில்லை. ஊர் அவரை வேறு மாதிரி வரவேற்றது. அவர் உள்ளே இருந்த காலத்தில் இரண்டு இளைஞர்கள் பிடிபட்டிருந்தார்கள். பெயர் சொல்லிப்போட்டுத்தான் வெளியே வந்திருக்கிறார் என்று கதை பரவியது. கரைவலைக்கு யாரும் அவரைக் கூப்பிடவில்லை. நல்லது கெட்டதுக்குப் போனால் பக்கத்துக் கதிரை வெறுமையாகவே இருக்கும். "எண்ட தொழிலுக்குத் துணை தேவையில்லை" என்று ஒரு கையால் இறகுத் தூண்டிலை எறிந்தே என்னைப் படிப்பித்தார். கடைசியாக நெஞ்சு வருத்தத்தோடு மூன்று கிழமை ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும், வீட்டுக்குக் கொண்டுவந்து கண்மூடும் வரையும் அந்தச் சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

முப்பத்தோராம் நாள் முடிந்தபின் அப்பாவின் அலுமாரியை ஒதுக்கினேன். வேட்டிகளுக்கு அடியில் வழக்குக் கடதாசிகள் இருந்தன. சிங்களத்தில் இருந்தன, ஆசிரியர் கலாசாலையில் நான் சிங்களம் படித்தவள். எஞ்சினும் கொக்கியும் அப்பாவுடையவை என்று ஒருவர் சொன்ன வாக்குமூலம். கீழே பெருவிரல் அடையாளமும் பெயரும். அந்த மூன்று மாமாமாரில் ஒருவர்.

கடதாசியை அம்மாவிடம் காட்டினேன். அம்மா அதைப் பார்க்கக்கூட இல்லை.

"தெரியும் பிள்ளை. அப்பாவை முன்னால இருத்தி வச்சுத்தான் அவரைக் கேட்டவங்கள். தன்ர எஞ்சினை இவற்ற எண்டு சொல்லிப்போட்டுப் போனவர்."

"பிறகேன் என்னை அவற்ற சைக்கிளில ஏத்தி விட்டனீங்கள்?"

"வேற ஆர் இருந்தது? பாக்கப் போன நேரம் அப்பாதான் சொன்னவர். பிள்ளையின்ர படிப்பு நிக்கக்கூடாது, ஆரோடயும் பகைக்காதை எண்டு."

வீட்டில் தெரியாமல் இருந்தது எனக்கு மட்டும்தான். அந்தச் சைக்கிளில் நான் சிரித்துக் கதைத்துக்கொண்டு போயிருக்கிறேன். அப்பா எப்ப வருவார் மாமா என்று கேட்டிருக்கிறேன். வருவார் பிள்ளை, நீ வடிவாப் படி என்று அவர் சொன்னதும் ஞாபகம் இருக்கிறது. அவரை மன்னிக்க எனக்கு ஏலாது. என்னிடம் மறைத்ததற்காக அப்பாவோடும் கோபம்தான். அதைச் சொல்ல இனி அவர் இல்லை.

அப்பா யாரையும் காட்டிக் கொடுக்கவில்லை. காட்டிக் கொடுக்கப்பட்டவர் அவர். உண்மையான பெயரைச் சொல்லியிருந்தால் முதல் கிழமையே வீட்டுக்கு வந்திருப்பார்.

இனி நன்றி சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரியில் அப்பாவைத் தன் தகப்பனைப் போலப் பார்த்த தாதிக்கும், மழையிலும் பந்தல் போட்டவர்களுக்கும், எட்டு நாளும் எங்கள் குசினியில் நின்று சமைத்த பக்கத்து வீட்டு அன்ரிக்கும், சுடலை வரை வந்த அனைவருக்கும் நன்றி. என்னைப் படிக்கக் கொண்டுபோன மூன்று மாமாமாருக்கும் நன்றி. அவர்களில் இருவர் இதைக் கேட்டு என்னில் கோபிக்க வேண்டாம்.

பெயரை எழுதவில்லை. மூன்று வீடுகளிலும் என்னிடம் படிக்கிற பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். மூன்று மாமாமாருக்கும் எழுத்துத் தெரியாது. இந்த மலரை அந்தப் பிள்ளைகள்தான் வாசித்துக் காட்டுவார்கள். பிள்ளைகளே, ரீச்சர் சொல்லித் தந்தபடி சத்தமாக, எங்கும் நிறுத்தாமல் வாசியுங்கள். தாத்தா போதும் என்று சொன்னாலும் முடியும் வரை வாசியுங்கள்.