தஸ்மியாவின் குப்பைக்கூடை

தஸ்மியா முதன்முதலாக எங்கள் மாடிப்படி ஏறி வந்தபோது எனக்கு அவளைப் பிடிக்கவில்லை. எதைக் கேட்டாலும் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுத்தான் பதில் சொன்னாள். முப்பத்தைந்து வருடம் தபால் ஆபீஸ் கவுண்டரில் உட்கார்ந்தவள் நான். பதில் தாமதமானால் எனக்குக் கை பரபரக்கும்.

பாளையங்கோட்டையில் ஒரு சைக்கிள் கடைக்கு மேலே இருக்கிறது எங்கள் வாசிப்பு மையம். பார்வையற்றவர்கள் பரீட்சைக்குப் படிக்க வேண்டிய புத்தகங்களை நாங்கள் நாலைந்து பேர் வாசித்துப் பதிவு செய்து கொடுக்கிறோம். கம்ப்யூட்டர் நான்கு உண்டு. ஒன்றுக்கொன்று பேச்சுவார்த்தை கிடையாது. இரண்டு விண்டோஸ், அதில் ஒன்று கிழடு. ஒரு கல்லூரி கழித்துக்கட்டிய லினக்ஸ் ஒன்று. நான்காவது என் மகள் சுகன்யா பெங்களூருக்குப் போகும்போது விட்டுப்போன மேக். அதில் நான் மட்டும்தான் உட்காருவேன். ஒன்றில் பதிந்த பாடத்தை இன்னொன்றுக்குக் கொண்டுபோகப் பென்டிரைவ்தான். அது யார் பையில் இருக்கிறது என்று தேடுவதிலேயே பாதிப் பொழுது போய்விடும்.

பெருமாள்ராஜ் செய்துங்கநல்லூரிலிருந்து ரயிலில் வருவார். முப்பத்தாறு வயது, பிறவியிலேயே பார்வை இல்லை. திருச்செந்தூர் ரயிலில் ஊதுபத்தி விற்றுக்கொண்டே வரலாற்று ஆசிரியர் தேர்வுக்குப் படித்தார். இரண்டாவது முறை எழுதியபோது நான்கு மதிப்பெண்ணில் கைநழுவிப் போனது. அந்தத் தடவை நாங்கள் திருத்துவதற்கு முன்னால் பதிந்த பழைய பாடம் ஒன்று பென்டிரைவில் அவரிடம் போய், அதையே அவர் ஒரு மாதம் மனப்பாடம் செய்திருந்தார். நான்கு மதிப்பெண்ணும் அங்கேதான் போயிருக்கும் என்று எனக்கு இன்னமும் ஒரு உறுத்தல். மூன்றாவது தடவையும் போனால் படிப்பை விட்டுவிடுவதாக மனைவியிடம் வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் திரும்பவும் எங்களிடம் வந்தார்.

அந்தச் சமயத்தில்தான் எங்களிடம் படித்து வேலைக்குப் போன ஒருவர், பதிவுகளையெல்லாம் ஒரே இடத்தில் வைக்க ஒரு சேமிப்புப் பெட்டி வாங்கிக் கொடுத்தார். அதை நான்கு கம்ப்யூட்டரோடும் இணைத்துவிட வந்தவள் தஸ்மியா. மேலப்பாளையத்துப் பெண், இருபத்தொன்பது வயது. பாலிடெக்னிக் படிப்பு. கணவர் ரசீத் சவுதியில், தம்மாமில் இருக்கிறார். ஸ்கூட்டரில் ஒயர்ச் சுருளைக் கட்டிக்கொண்டு ஊர் முழுக்கச் சுற்றுவாள். புர்காவை ஒதுக்கிச் செருகிக்கொண்டு மேஜைக்கு அடியில் தவழ்ந்து போவாள். ஒட்டடையோடு வெளியே வருவாள்.

“பெட்டி ஒண்ணுதான்க்கா. விண்டோஸ்ல அது இசட்டுன்னு ஒரு டிரைவா வரும். லினக்ஸ்ல ஒரு ஃபோல்டராக் கெடக்கும். உங்க மேக்ல ஒரு படமா நிக்கும். எங்கன நின்னு பாத்தாலும் உள்ள இருக்கிற சரக்கு ஒண்ணுதான்” என்றாள்.

எல்லாம் புரிந்த மாதிரித் தலையாட்டினேன்.

இரண்டு நாள் வேலை இழுத்தது. புதுப் பெட்டி பேசுவது கிழட்டு விண்டோஸுக்கு விளங்கவில்லை. லினக்ஸ் எல்லாவற்றையும் பார்த்தது, ஆனால் ஒன்றையும் எழுத விடவில்லை. நான் அரைமணிக்கு ஒருதரம் போய் “முடிஞ்சுதா?” என்று நிற்பேன். “பைய வரும்க்கா. ஒவ்வொண்ணுக்கும் அததுக்குத் தக்கன சொல்லணும்லா” என்பாள். கடைசியில் நான் மேக்கில் பதிந்த பாடத்தைப் பெருமாள்ராஜ் லினக்ஸில் கேட்டுவிட்டுச் சிரித்தார். எனக்கு அவளைக் கொஞ்சம் பிடித்துப்போனது.

அதற்குப் பிறகு ஆறு மாதம் வரலாறு முழுவதையும் நான் வாசித்தேன். நேராகப் பெட்டிக்குள்ளேயே பதிவு. தப்பாக வாசித்ததை அன்றன்றே அழித்துவிடுவேன்.

ஞாயிற்றுக்கிழமை தேர்வு. வெள்ளிக்கிழமை மத்தியானம் என் மேக் இடமில்லை என்று முரண்டு பிடித்தது. திரையில் நின்ற ஒரு படத்தைத் திறந்தேன். வரலாறு பூராவும் வரிசையாக இருந்தது. ‘இதுதான் பெட்டியில் இருக்கிறதே, இங்கேயும் எதற்கு?’ என்று மொத்தத்தையும் தேர்ந்தெடுத்து அழித்தேன். அழிப்பதற்கு முன்னால் மேக் இரண்டு வரி எழுதிக் கேட்டது. எழுநூறு பக்கம் ஊருக்கு வாசித்துக் காட்டியவள், அந்த இரண்டு வரியை வாசிக்கவில்லை.

மூன்று மணிக்குப் பெருமாள்ராஜ் கடைசிப் பாடங்களை மெமரி கார்டில் வாங்கிப்போக வந்தார். திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் குரலை வைத்து விண்டோஸில் தேடினார். பிறகு லினக்ஸில் தேடினார். “அக்கா, வரலாறக் காணலியே” என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் மேக்கில் திறந்த அந்தப் படம்தான் பெட்டி.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். நான் சொல்லவில்லை. “பெட்டி பழுதாயிட்டு போல” என்று சொல்லிவிட்டுத் தஸ்மியாவுக்குப் போன் போட்டேன். பேட்டையில் ஒரு கடையில் வேலையாக இருந்தவள் ஆற்றைத் தாண்டி அரைமணி நேரத்தில் வந்துவிட்டாள். பெருமாள்ராஜ் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். டீ ஆறிப்போய் ஆடை கட்டியிருந்தது.

தஸ்மியா பெட்டியின் பதிவேட்டைத் திரையில் திறந்தாள். யார், எந்த நேரத்தில் அழித்தது என்று அது எழுதி வைத்திருந்தது: பிரேமலதா, இரண்டு மணி நாற்பது நிமிடம். என் பெயரை நானும் பார்த்தேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தத் திரையை மூடினாள்.

“பெட்டி கொஞ்சம் மக்கர் பண்ணிட்டு. எடுத்துரலாம்” என்றாள் எல்லோருக்கும் கேட்கும்படி.

“எல்லாத்தையும் கொண்டாந்துரு தஸ்மியா” என்றேன்.

இருபது நிமிடத்தில் அத்தனையும் திரும்பி வந்தது. பெருமாள்ராஜ் கார்டை வாங்கிக்கொண்டு ரயிலுக்குப் போன பிறகு, எப்படி என்று கேட்டேன். வழக்கம்போல யோசித்துவிட்டுச் சொன்னாள்.

“நான் எங்கன பெட்டி வச்சாலும் உள்ள ஒரு குப்பைக்கூடை வச்சிருவேன்க்கா. அழிச்சதெல்லாம் அதுல போய் விழுந்து கெடக்கும். யாருட்டயும் சொல்ல மாட்டேன். சொன்னா அதையும் காலி பண்ணிருவாக.”

“எதுக்கு இப்படி ஒரு வேலை?”

“எங்க வாப்பா பேசுன வீடியோ ஒண்ணே ஒண்ணு இருந்துச்சு. நான் வேலை பாத்த கடைப் பெட்டியில போட்டு வச்சிருந்தேன். எடம் பத்தலன்னு நானேதான் அழிச்சேன், எம் மிஷின்ல காப்பி இருக்குன்னு நெனச்சு. பாத்தா காப்பியே இல்ல. வாப்பா மவுத்தாகி அடக்கம் பண்ணி அப்ப ஒரு மாசம்தான்.”

நான் செய்த அதே காரியம். அவள் தலையைத் தடவிக் கொடுக்க வேண்டும் போல இருந்தது. கூச்சமாக இருந்ததால், “சாப்பிட்டியா?” என்று மட்டும் கேட்டேன்.

திங்கட்கிழமை பெருமாள்ராஜ் வந்தார். தேர்வு நன்றாக எழுதியிருப்பதாகச் சொன்னார். சொல்லிவிட்டுப் போகாமல் நின்றார்.

“அக்கா, இந்தத் தடவை பாடத்துக்கு நடுவுல நடுவுல துண்டு துண்டா நெறைய கெடந்துச்சு. ஒண்ணுல காக்காயத் தொரத்துதீங்க. ஒண்ணுல, இத எழுதினவன் மூச்சே விட மாட்டானான்னு ஏசுதீங்க.”

ஆறு மாதமாக நான் அழித்த தப்பெல்லாம் கூடையிலிருந்து எழுந்து வந்திருந்தது. நான்தானே எல்லாவற்றையும் கொண்டுவரச் சொன்னேன்.

“பதினேழாம் பாடத்துக்கு அப்புறம் ஒரு துண்டு. மைக்க நிறுத்த மறந்துட்டீங்க போல.” நான் சொன்னதை என் ஏற்ற இறக்கத்தோடு அப்படியே சொன்னார். “‘நெல்லையப்பா, இந்தத் தடவையாவது அந்தப் பிள்ள பாஸாயிரட்டும். நான் படிச்சதுல தப்பு இருந்தா அத எந் தலையில போடு.’”

எனக்கு அப்படிச் சொன்ன ஞாபகமே இல்லை. அழுகை வந்துவிட்டது. அதற்கு மேல் மறைக்க முடியவில்லை.

“பெருமாள்ராஜ், அன்னைக்குப் பெட்டி மக்கர் பண்ணல. வரலாற அழிச்சது நான்தான்.”

“தெரியும்க்கா. தஸ்மியாவுக்குப் பொய் சொல்ல வரல. குரல் கீழ எறங்கிட்டு.” அவர் குச்சியை விரித்துக்கொண்டு படிப்பக்கம் திரும்பினார். “பரீட்ச ஹாலுக்கு வெளிய நின்னு அந்தத் துண்டத்தான் திருப்பித் திருப்பிக் கேட்டேன். நீங்க அழிக்காம இருந்திருந்தா அது எங் கைக்கு வந்திருக்காதுலா.”