நாய்தான் தள்ளியது என்றேன்

என் கணவர் விசைப்படகில் மீன் பிடிக்கப் போகிறவர். காசிமேட்டிலிருந்து கிளம்பினால் பல நாள் கடலிலேயே தங்கல். அவர் கரைக்கு வந்த மறுநாள் என் உடம்பில் ஏதாவது ஒரு காயம் இருக்கும். கேட்கவே நன்றாக இல்லை, தெரியும். ஆனால் அதற்குக் காரணம் எங்கள் நாய்.

மீன் ஏலம் விடும் இடத்தில் குட்டியாகக் கிடந்ததை அவர்தான் தூக்கி வந்தார். மீன் தலையாகத் தின்று கன்றுக்குட்டி போல வளர்ந்துவிட்டது. அவர் இல்லாத நாட்களில் கட்டிலுக்கடியில் சாதுவாகக் கிடக்கும். அவர் தெருமுனை திரும்பினால் போதும், அந்த டீசல் வாடை எப்படித்தான் எட்டுமோ, பேய் பிடித்துவிடும். எங்களுடையது ஒற்றை அறை. கதவுக்கும் அதற்கும் நடுவில் நான் மாட்டினால் தொலைந்தேன். ஒருமுறை கிரைண்டரில் இடித்துக் கண்ணுக்குக் கீழே கறுத்தது. இன்னொருமுறை தண்ணீர்க் குடத்தோடு விழுந்து உதடு கிழிந்தது. சனியன் என்று திட்டுவேன். விழுந்தவளை முதலில் வந்து நக்குவதும் அந்தச் சனியன்தான்.

கட்டிப் போடலாமென்று படகு நைலான் கயிற்றை எடுத்தேன். எங்கள் வீட்டில் எதைக் கட்டுவதென்றாலும் அதுதான். சங்கிலி வாங்கத் தோன்றவே இல்லை. அவர் வந்த அன்று, கட்டி முடிப்பதற்குள் நாய் இழுத்த இழுப்பில், கையில் சுற்றியிருந்த கயிறு மணிக்கட்டைச் சுற்றித் தோலை உரித்துவிட்டது. பார்த்தால் யாரோ கையைப் பிடித்து முறுக்கியது போலவே இருந்தது.

மார்க்கெட்டில் என் பக்கத்தில் மீன் விற்கும் அக்கா அதைப் பார்த்தாள். நாய் என்றேன். "ம்" என்றுவிட்டு வஞ்சிரத்தை வெட்டிக்கொண்டிருந்தாள். எந்தப் படகு எப்போது கரைக்கு வந்தது என்பது எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் அத்துப்படி. அதையும் என் காயத்தையும் அவர்களே முடிச்சுப் போட்டுக்கொண்டார்கள். இறங்கினால் குடி, குடித்தால் அடி என்பது பல வீடுகளில் பார்த்ததுதானே. என் கணவர் குடிக்காதவர் என்று சொல்ல மாட்டேன். குடித்தால் படுத்துத் தூங்கிவிடுவார், அவ்வளவுதான். அதை எந்தக் கோயிலில் சத்தியம் செய்து சொல்வது? நான் அவருக்காகப் பேசப் பேச என்னைத்தான் பாவமாகப் பார்த்தார்கள்.

பேச்சு படகுக்கும் போயிற்று. கூடத் தொழில் செய்பவர்கள் அவரோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அடுத்த முறை கரைக்கு வந்தவர், வீட்டுக்கு வராமல் படகிலேயே படுத்துக்கொண்டார். போன் செய்து ஏன் என்று கேட்டேன்.

"நான் வந்தா உனுக்கு அடிபடுது, எனுக்குப் பேரு கெடுது. இங்கயே கீறேன், வுடு."

ஒரு தப்பும் செய்யாத மனிதர், சொந்த வீட்டுக்கு வரக் கூசிப்போய் ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் படுத்துக் கிடந்தார்.

விஷயம் கேள்விப்பட்டு அம்மா மறுநாளே காலடிப்பேட்டையிலிருந்து வந்தாள், என்னைக் கையோடு கூட்டிப் போக. என் புடவைகளை அவளே பையில் அடைத்தாள். நான் எவ்வளவு சொல்லியும் காதில் வாங்கவில்லை. கடைசியில், அவரை வரச் சொல்கிறேன், இருந்து உன் கண்ணாலேயே பார் என்று சண்டை போட்டு அவளை உட்கார வைத்தேன்.

சாயங்காலம் அவர் சந்துக்குள் நுழைந்திருக்க வேண்டும். நாய் துள்ளி எழுந்தது. நான் கட்டில் மேல் ஏறியிருக்கலாம். ஏறவில்லை. வேண்டுமென்றே கதவுக்கு நேராகப் போய் நின்றேன். நாய் தள்ளிய வேகத்தில் கதவு நிலையில் மோதிப் புருவம் பிளந்தது. அவர் அப்போதுதான் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். ரத்தத்தைப் பார்த்ததும் அப்படியே திரும்பி ஐஸ் வாங்க ஓடினார்.

அம்மா முந்தானையைச் சுருட்டி என் புருவத்தில் அழுத்தினாள். ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். அவள் முகத்தில் நிம்மதியே இல்லை.

"நெஜமாவே நாய்தானா?" என்றாள். பிறகு, நாயைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாள். "உங்க நைனா அடிச்சப்பல்லாம் கொயாயடில தண்ணி புடிக்கப் போயி வயுக்கி வியுந்துட்டேன்னு சொல்லிக்கினு இருந்தேன். பொய்யிதான். அல்லாரும் நம்பிட்டாங்கோ."

அப்பா போய்ச் சேர்ந்த பிறகும், அவரைப் போல ஒரு நல்ல மனிதர் உண்டா என்று என் கணவரிடம் ஓயாமல் சொல்லி வந்திருக்கிறேன். அம்மாவை நம்பியவர்களில் முதல் ஆள் நான்தான்.